இடம் மாறினால் விலை மாறும்

வார இறுதி வந்துவிட்டால் எங்கள் வீட்டு வரவேற்பறையில் காற்பந்துப் பேச்சுதான். என் கணவரும் அவருடைய தம்பியும் பிரிமியர் லீக் ஃபேண்டசி ஆட்டத்தில் ஆளுக்கொரு குழு வைத்திருக்கிறார்கள். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைத் தலைவராகப் போடுவது என்று வெள்ளிக்கிழமை இரவே விவாதம் சூடுபிடிக்கும். நானும் அதில் கலந்துகொள்வேன். ஆனால் என் மனம் இருப்பது வேறோர் ஆட்டத்தில். அது அமெரிக்க பேஸ்பால்.

2018இல் வேலை நிமித்தமாக ஓராண்டு பாஸ்டனில் இருந்தேன். அந்த ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்களில் வென்று, கடைசியில் வேர்ல்ட் சீரிஸ் கிண்ணத்தையும் வாங்கியது. ஊரே அந்த அணியைப் பற்றித்தான் பேசியது. பேச்சில் கலந்துகொள்ள வேண்டுமென்றால் ஆட்டம் தெரிந்தாக வேண்டும் என்பதால் பார்க்கத் தொடங்கினேன். பிறகு அலுவலக நண்பர்கள் தங்கள் ஃபேண்டசி லீகில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகும் அந்த லீகை நான் விடவில்லை. நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடைக்காலத்தில் நமக்குக் காலை 7 மணி. பெருவிரைவு ரயிலில் வேலைக்குப் போகும் நேரம். அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அந்த 2018 அணியில் எனக்கு மூவரைப் பிடிக்கும். வலப்பக்க வெளிக்களத்தில் மூக்கி பெட்ஸ், ஷார்ட்ஸ்டாப்பில் ஸாண்டர் போகார்ட்ஸ், மூன்றாம் பேஸில் 21 வயது ரஃபேல் டெவர்ஸ். இன்று மூவரும் வேறு வேறு அணிகளில் இருக்கிறார்கள். மூவருமே இடைப்பட்ட காலத்தில் ஆடும் இடத்தை மாற்ற வேண்டிவந்தது. அந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்தபோதுதான் ஃபேண்டசி ஆட்டத்தின் நுட்பமான கணக்கு ஒன்று எனக்குப் பிடிபட்டது. ஓர் ஆட்டக்காரரின் மட்டை மாறாமலே அவருடைய விலை மாறும்.

இந்த ஆட்டம் 1980இல் தொடங்கியது. டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் ‘லா ரோட்டிசெரி ஃபிரான்சேஸ்’ என்ற உணவகத்தில் கூடுவார்கள். அதன் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டு ‘ரோட்டிசெரி பேஸ்பால்’ ஆனது. உண்மையான ஆட்டக்காரர்களை நாம் நம் கற்பனை அணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் அடிக்கும் ஹோம் ரன், எடுக்கும் ஓட்டம், திருடும் பேஸ் ஆகியவை நம் அணியின் கணக்கில் சேரும். பருவம் தொடங்குமுன் நடக்கும் ஆட்டக்காரர் தேர்வுக்குப் பெயர் டிராஃப்ட். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது.

பன்னிரண்டு நல்ல மட்டையாளர்களை அள்ளிப் போட்டுக்கொள்ளவும் முடியாது. முதல் பேஸுக்கு ஒருவர், இரண்டாம் பேஸுக்கு ஒருவர், மூன்றாம் பேஸுக்கு ஒருவர், ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒருவர் என்று ஒவ்வோர் இடத்தையும் நிரப்பியாக வேண்டும். இந்த நால்வரைத்தான் இன்ஃபீல்டர்கள் என்கிறார்கள். ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவர். கிரிக்கெட் தெரிந்தவர்கள் ‘பாயின்ட்’ இடத்தில் நிற்கும் துடியான ஃபீல்டரை நினைத்துக்கொள்ளலாம். முதல் பேஸ் ஒப்பீட்டளவில் எளிது. அதனால்தான் வயதாகி வேகம் குறைந்தவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

பிரிமியர் லீக் ஃபேண்டசி ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. முகம்மது சாலா கோல் போடுவதையே தொழிலாகக் கொண்டவர். ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் நடுக்கள ஆட்டக்காரர் என்ற பட்டியலில் இருந்தார். முன்கள ஆட்டக்காரர் கோல் போட்டால் 4 புள்ளி, நடுக்கள ஆட்டக்காரர் போட்டால் 5 புள்ளி. ஆக, அதே கோலுக்கு அவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி. பேஸ்பாலில் இப்படி நேரடியாகப் புள்ளி கூடுவதில்லை. அங்கே விலையைத் தீர்மானிப்பது பற்றாக்குறை.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லீகில் 12 அணிகள். 25 ஹோம் ரன் அடிக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். முதல் பேஸ் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தினால் பன்னிரண்டாவது இடத்தில் இருப்பவரே 22 அடிப்பார் என்று வையுங்கள். இரண்டாம் பேஸ் வரிசையில் பன்னிரண்டாவது ஆள் 12தான் அடிப்பார். நம் ஆள் முதல் பேஸில் ஆடினால், கடைசியில் கிடைக்கும் ஆளைவிட 3 ஹோம் ரன் லாபம். இரண்டாம் பேஸில் ஆடினால் 13 லாபம். அவர் அடிப்பது இரண்டு இடத்திலும் 25தான். அவரை எடுக்காவிட்டால் அந்த இடத்தில் நமக்கு யார் கிடைப்பார் என்பதுதான் அவருடைய விலை.

இந்தக் கணக்குக்குக் காலமும் முக்கியம். எங்கள் லீகில் சென்ற பருவத்தில் 20 ஆட்டங்கள் ஓரிடத்தில் ஆடியிருந்தால் இந்த ஆண்டு அந்த இடத்துக்குத் தகுதி உண்டு. நடப்புப் பருவத்தில் புதிய இடத்தில் 10 ஆட்டங்கள் ஆடினால் அந்தத் தகுதியும் சேர்ந்துகொள்ளும். லீகுக்கு லீக் எண்ணிக்கை மாறும், ஆனால் அடிப்படை இதுதான். எனவே ஒருவர் இடம் மாறும் ஆண்டு பொற்காலம். பழைய தகுதியும் இருக்கும், சில வாரங்களில் புதியதும் வரும். அடுத்த ஆண்டு பழையது கழன்றுவிடும். ஒரு வீட்டைக் காலி செய்யுமுன் இன்னொரு வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டால் சில வாரம் இரண்டையும் பயன்படுத்திக்கொள்கிறோம் அல்லவா, அதுபோல.

இதற்கு லீகில் மூத்தவர்கள் எனக்குச் சொன்ன எடுத்துக்காட்டு டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிகெல் கப்ரேரா. 2012 ஜனவரியில் அந்த அணி பிரின்ஸ் ஃபீல்டர் என்ற முதல் பேஸ் ஆட்டக்காரரை 9 ஆண்டு, 214 மில்லியன் வெள்ளி ஒப்பந்தத்தில் எடுத்தது. அமெரிக்க வெள்ளிதான். கப்ரேராவும் முதல் பேஸ்தான். அவர் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். கனத்த உடம்பு, வேகம் குறைவு, அங்கே தாக்குப்பிடிப்பாரா என்று பலர் கேட்டார்கள். பயிற்சி ஆட்டம் ஒன்றில் தரையில் துள்ளி வந்த பந்து முகத்தில் பட்டு, வலது கண்ணுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்தது. ஆனால் பருவம் முடிந்தபோது அவருடைய கணக்கு இது: சராசரி 0.330, ஹோம் ரன் 44, ஓட்டம் சேர்த்துக் கொடுத்தது 139. மூன்றிலும் தம் லீகில் முதலிடம். 1967க்குப் பிறகு யாரும் தொடாத ‘டிரிப்பிள் கிரவுன்’ அது. அவரை எடுத்தவர்கள் முதல் பேஸ் மட்டையை மூன்றாம் பேஸ் இடத்தில் போட்டு, முதல் பேஸுக்கு இன்னொரு பெரிய மட்டையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆட்டக்களத்தில் கடினமான இடம் எதுவோ அதுவே ஃபேண்டசியிலும் விலை அதிகமான இடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் அப்படி இருந்தது. நன்றாகத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் சுமாராக மட்டை பிடித்தாலே போதும் என்றிருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அலெக்ஸ் ரோட்ரிகஸ், டெரெக் ஜீட்டர், நோமார் கார்சியாபாரா மூவரும் வந்து அதை மாற்றினார்கள். இப்போது பாபி விட் ஜூனியர், கன்னர் ஹென்டர்சன், எல்லி டி லா குரூஸ் என்று ஷார்ட்ஸ்டாப் பட்டியலில்தான் நட்சத்திரக் கூட்டம். பஞ்சம் இரண்டாம் பேஸில். எனவே ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போவது களத்தில் ஒரு படி இறக்கமாகத் தெரிந்தாலும் டிராஃப்டில் ஏற்றமாக இருக்கலாம்.

மார்க்கஸ் செமியனைப் பாருங்கள். ஓக்லாந்தில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர். 2021இல் டொரோன்டோ புளூ ஜேஸ் அணிக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் போனார். அங்கே ஷார்ட்ஸ்டாப்பில் போ பிஷெட் இருந்ததால் இவர் இரண்டாம் பேஸுக்கு ஒதுங்கிக்கொண்டார். அந்த ஆண்டு 45 ஹோம் ரன் அடித்தார். ஓர் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் அதுவரை அடித்திராத எண்ணிக்கை. அதற்குமுன் 1973இல் டேவி ஜான்சன் அடித்த 43தான் உச்சம். அடுத்து டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 7 ஆண்டுகளுக்கு 175 மில்லியன் கொடுத்து அவரை எடுத்தது. விட்டுக்கொடுத்து ஒதுங்கியவர் தோற்றுப்போகவில்லை.

விதி மாற்றமும் இந்தக் கணக்கில் புகுந்து விளையாடும். முன்பெல்லாம் இடக்கை மட்டையாளர் வந்தால் இன்ஃபீல்டர்களை ஒரே பக்கமாகக் குவித்து நிறுத்துவார்கள். அதனால் அதிகம் ஓட முடியாத, ஆனால் பலமாக அடிக்கக்கூடிய ஆளைக்கூட இரண்டாம் பேஸில் மறைத்துவைக்க முடிந்தது. 2019இல் மில்வாக்கி அணி மூன்றாம் பேஸ்காரரான மைக் மூஸ்டாகஸை அங்கே நிறுத்திப் பார்த்தது. 2023 முதல் இரண்டாம் பேஸின் இருபுறமும் தலா இரண்டு இன்ஃபீல்டர்கள் நின்றாக வேண்டும் என்று விதி வந்தது. மீண்டும் கால்வேகம் உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். இரண்டாம் பேஸில் அடித்து ஆடும் ஆட்கள் கிடைப்பது மேலும் அரிதானது.

இனி என் பாஸ்டன் மூவருக்கு வருகிறேன்.

போகார்ட்ஸ் 2022 டிசம்பரில் சான் டியாகோ பாட்ரெஸ் அணியோடு 11 ஆண்டு, 280 மில்லியன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஷார்ட்ஸ்டாப்புக்குத்தான் அந்தப் பணம். ஓராண்டு கழிந்ததும், 2024 பிப்ரவரியில், அந்த இடத்தைக் கொரியாவின் ஹா-சியோங் கிம்முக்குக் கொடுத்துவிட்டு இவரை இரண்டாம் பேஸுக்கு அனுப்பினார்கள். ஃபேண்டசி ஆடுபவர்களுக்கு மகிழ்ச்சி. ஷார்ட்ஸ்டாப் தகுதி கையில் இருக்க, பஞ்சமுள்ள இரண்டாம் பேஸ் தகுதியும் ஏப்ரலுக்குள் வந்துவிடும். ஆனால் அந்த மே மாதம் தரையில் வந்த ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது இடது தோள்பட்டையில் எலும்பு முறிந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் ஆடவில்லை. 2025இல் மீண்டும் ஷார்ட்ஸ்டாப்புக்கே திரும்பினார்.

பெட்ஸ் கதை இன்னும் விநோதம். அவர் இளையோர் அணிகளில் வளர்ந்ததே இரண்டாம் பேஸில்தான். 2014இல் பாஸ்டனுக்கு வந்தபோது அங்கே டஸ்டின் பெட்ரோயா அசைக்க முடியாமல் இருந்தார். எனவே வெளிக்களத்துக்குப் போய், அங்கே தங்கக் கையுறை விருதை ஆறு முறை வாங்கினார். 2020இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு மாறினார். 2023இல் அணிக்கு ஆள் குறைந்ததால் இரண்டாம் பேஸுக்கு வந்தார். 2024 மார்ச்சில் கேவின் லக்ஸ் பந்தெறிவதில் தடுமாறியதால் ஷார்ட்ஸ்டாப்புக்கு நகர்ந்தார். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் எளிய இடத்திலிருந்து கடினமான இடத்துக்குப் போவது அபூர்வம். வழக்கம் இதற்கு நேர்மாறானது.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டங்கள் சோலில் நடந்தன. நமக்கு மாலை நேரம். டாட்ஜர்ஸ் பக்கம் ஷார்ட்ஸ்டாப்பில் பெட்ஸ், பாட்ரெஸ் பக்கம் இரண்டாம் பேஸில் போகார்ட்ஸ். பாஸ்டனில் ஒரே அணியில் பார்த்த இருவரும் எதிரெதிர் அணிகளில், ஆளுக்கொரு புது இடத்தில். அந்த ஆண்டு பெட்ஸை எடுத்தவர்களுக்கு இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், வெளிக்களம் என மூன்று தகுதிகள் கிடைத்தன. அணியில் யாருக்கு அடிபட்டாலும் அந்த இடத்தில் அவரைப் பொருத்தலாம். ஜூனில் அவருக்கே பந்து பட்டுக் கை முறிந்தது. 2025இல் ஏறத்தாழ முழுப் பருவமும் ஷார்ட்ஸ்டாப்பில் ஆடினார். சராசரி 0.258க்கு இறங்கியது. வெளிக்களத் தகுதியும் கழன்றுபோனது. இனி நட்சத்திரக் கூட்டம் நிறைந்த ஷார்ட்ஸ்டாப் வரிசையில் அவரும் ஒருவர்.

டெவர்ஸ் கதையில் கசப்பு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பாஸ்டன் அணி அலெக்ஸ் பிரெக்மனை எடுத்து மூன்றாம் பேஸில் போட்டது. அதுதான் தம் இடம் என்று சொல்லிவந்த டெவர்ஸ், தடுப்பாட்டம் இல்லாமல் மட்டை மட்டும் பிடிப்பவராக ஆனார். மே மாதம் முதல் பேஸ் ஆட்டக்காரர் டிரிஸ்டன் கசாஸுக்குக் காயம் ஏற்பட்டதும், அங்கே போய் ஆடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஜூன் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே முதல் பேஸில் ஆடத் தொடங்கினார். ஃபேண்டசிக் கணக்கில், மட்டை மட்டும் பிடிப்பவரை எந்த இன்ஃபீல்டு இடத்திலும் போட முடியாது. பொது இடம் என்று இருக்கும் ஒன்றில்தான் வைக்கலாம். முதல் பேஸ் தகுதி வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஆனால் மூன்றாம் பேஸ் போனது போனதுதான்.

டெவர்ஸ் மறுத்தபோது எங்கள் லீக் குழுவில் ஆளாளுக்குத் திட்டினார்கள். இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் சொன்ன இடத்தில் நிற்க வேண்டியதுதானே என்றார்கள். நான் எதுவும் எழுதவில்லை. எனக்கு அப்பா நினைவு வந்தது.

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். முப்பது ஆண்டுக்கு மேல் அந்த வேலை. ஐம்பத்து நான்கு வயதில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் குனிந்து நுழைய முடியவில்லை. தரச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. சொல்லப்போனால் மதிப்பு கூடியது. பற்றவைப்பைக் கண்ணால் பார்த்தே குறை சொல்லக்கூடிய, தன் கையால் அந்த வேலையைச் செய்து பழகிய சோதனையாளர் அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். வெல்டர்கள் கூட்டத்தில் அவர் பலரில் ஒருவர். சோதனைப் பிரிவில் அவருக்கு மாற்று ஆள் இல்லை. மேலே சொன்ன 3, 13 கணக்கை இங்கே அப்படியே பொருத்தலாம்.

ஆனால் வீட்டில் நாங்கள் பார்த்த அப்பா வேறு. மாலையில் வந்தால் செய்தி பார்ப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். வெல்டிங் கையுறையை மட்டும் காலணி அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுக்க விடவில்லை. ஒருநாள் அம்மா இல்லாத நேரத்தில் அவரிடமே கேட்டேன். “சம்பளம் அதேதான்மா. மரியாதையும் இருக்கு. ஆனா காலையில எந்திரிச்சா கை எதையோ தேடுது” என்றார். அந்தத் தேடல் அடங்க ஓராண்டு ஆனது. பிறகு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முகத்தில் பழைய களை வந்தது.

டெவர்ஸ் செய்தது சரி என்று வாதாட இதைச் சொல்லவில்லை. அணிக்கு ஆள் தேவைப்பட்டது உண்மை. அவர் சம்பளம் பெரியது என்பதும் உண்மை. ஆனால் 20 ஆட்டம், 10 ஆட்டம் என்று நாம் எண்ணும் அந்த நாள்களில் ஒரு மனிதர் புதிதாக நிற்கப் பழகுகிறார். மூன்றாம் பேஸில் பந்து வரும் வேகம் வேறு, முதல் பேஸில் கால் வைக்கும் விதம் வேறு. சிறு வயதிலிருந்து பழகிய உடம்பு அதை மறந்து இன்னொன்றைக் கற்க வேண்டும். அந்தச் சுமை சிலருக்கு மட்டையிலும் தெரியும். கப்ரேராவுக்கும் செமியனுக்கும் தெரியவில்லை. எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் டிராஃப்ட் பட்டியல் தயாரிக்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, புதிய இடத்தில் ஆள் பஞ்சமா, கூட்டமா? இரண்டு, பழைய தகுதி எவ்வளவு காலம் கையில் இருக்கும்? இவை இரண்டும் எண்ணிக்கை சார்ந்தவை, யாரும் கணக்கிட்டுவிடலாம். மூன்றாவது, அவர் அந்த இடத்துக்கு விரும்பிப் போகிறாரா, இதற்குமுன் அங்கே பழகியிருக்கிறாரா? இதற்குப் பயிற்சிக் காலச் செய்திகளைப் படிக்க வேண்டும். செமியன் தாமே ஏற்றுக்கொண்டு போனார். கப்ரேரா இளம் வயதில் மூன்றாம் பேஸில் ஆடியவர். பெட்ஸ் இன்ஃபீல்டில் வளர்ந்தவர். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு சுற்று முன்பே கை நீட்டுவேன். மனமில்லாமல் நகர்த்தப்பட்டவர் என்றால் ஒரு சுற்று பொறுத்துப் பார்ப்பேன்.

அலுவலகத்தில் இளையவர்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்படும்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. போகும் இடத்தில் உன்னைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கை எதைத் தேடும் என்பதையும் யோசித்துக்கொள் என்று அடுத்ததாகச் சொல்வேன். இரண்டாவதை நான் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன்.

2025 வேர்ல்ட் சீரிஸ் கடைசி ஆட்டம் நமக்கு நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. டொரோன்டோவில் பதினோராவது இன்னிங்ஸ்வரை இழுத்து, இங்கே நண்பகலைத் தாண்டியது. டாட்ஜர்ஸ் ஓர் ஓட்டம் முன்னிலை. புளூ ஜேஸுக்கு ஒருவர் அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். அலெஹாண்ட்ரோ கர்க் அடித்த பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி வந்தது. பெட்ஸ் அதை எடுத்தார், இரண்டாம் பேஸை மிதித்தார், முதல் பேஸில் நின்ற ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு எறிந்தார். இரட்டை அவுட். கிண்ணம் டாட்ஜர்ஸுக்கு. ஃபேண்டசிப் பருவம் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. தடுப்பாட்டத்துக்கு எங்கள் லீகில் எப்போதுமே புள்ளி கிடையாது. இருந்தாலும் பதினோரு ஆண்டுகளுக்கு முன் இன்ஃபீல்டை விட்டு அனுப்பப்பட்ட ஒருவர் அங்கே நின்று அந்தப் பந்தை எடுத்ததைப் பார்த்தபோது, அந்த ஆண்டு என் அணி எத்தனையாவது இடத்தில் முடித்தது என்பதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.